வாழ்ந்த காலத்துக்கு நன்றி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



முதுமையைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் என்னைக் கேட்டார்கள். எண்பதைத் தாண்டியவர்கள் முன்வரிசையில் இருக்க, நாற்பதுகளில் இருக்கும் நான் அதைப் பேசுவது சற்றுத் துணிச்சல்தான். வைத்தியராக நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

கிளினிக்குக்கு வரும் அம்மாமாரிடம் சுகம் கேட்டால், “ஏதோ இருக்கிறம் பிள்ளை” என்பார்கள். முந்தி என்ன செய்தீர்கள் என்று கேட்டால் குரலே மாறிவிடும். 1983 ஆடிக் கலவரத்தில் கட்டிய சேலையோடு வெளியேறி, பிறகு கொழும்பிலேயே குடும்பத்தை நிமிர்த்தியவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். முப்பது வருடம் படிப்பித்தவர்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் கேட்க இப்போது வீட்டில் ஆளில்லை. பிள்ளைகள் லண்டனிலும் ரொறொன்ரோவிலும். அம்மா கொட்டாஞ்சேனையிலோ கொலன்னாவையிலோ வெள்ளவத்தைத் தொடர்மாடியிலோ தனியே. வாழ்ந்த வாழ்வை நினைத்து நன்றியோடு மனம் நிறைய, அதைக் கேட்க ஒருவரும் வேண்டும்.

டொக்டர் மேரி ரட்ணத்தை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1873இல் கனடாவில் பிறந்தவர். 1896இல் இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரின் மனைவியாகக் கொழும்பில் வாழ்ந்து, பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டார். 1930இல் லங்கா மஹிலா சமித்தியைத் தொடங்கிக் கிராமத்துப் பெண்களிடம் போனார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். சமித்தியும் மாநகர சபையும் ஐம்பதுக்குப் பிறகு வந்தவை. 1958இல் மக்சேசே விருது கிடைத்தபோது அவருக்கு வயது 85. எல்லோருக்கும் விருது வராது. ஆனால் ‘நீங்கள் செய்ததை நாங்கள் மறக்கவில்லை’ என்று ஒருவர் வந்து சொல்வது எல்லோருக்கும் வேண்டும்.

மூத்த அக்காமாருக்கு ஒரு வைத்திய வார்த்தை. காது மந்தமாவதை வீட்டார் சிலவேளை மறதி என்று நினைத்துவிடுகிறார்கள். பார்வை மங்கினால், வயது போனால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். காது கேளாதவர் கதைபேச்சை விட்டு ஒதுங்குகிறார். கண் தெரியாதவர் படி இறங்கப் பயந்து வீட்டோடு இருக்கிறார். தனிமை பலருக்கு இப்படித்தான் தொடங்குகிறது. இரண்டையும் காட்டுங்கள், பெரும்பாலும் வழி உண்டு.

தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 100 பேரில் 12 பேர் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். இன்று அந்தப் பங்கு இன்னும் கூடியிருக்கிறது. உங்களில் ஒவ்வொருவரும் ஒரு மூத்த மாணவியைப் பொறுப்பெடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கதையுங்கள். வெளிநாட்டிலிருந்தும் இது முடியும். மருந்து எடுத்தீர்களா என்பதோடு நிறுத்தாமல், அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். அதிபர்மாரின் வரலாறு பதிவேட்டில் இருக்கிறது. மாணவிகளின் வரலாறு அவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு, அவர்களுக்கே நன்றியும் சொல்லிவிடுவோம்.