எஞ்சினை ஸ்டாண்டில் ஏற்றும் முன்

 

இந்தப் புனே நகரில் நம் தமிழ் மக்கள் பல தொழில் செய்கிறார்கள். அதில் ஒன்று மோட்டார் மெக்கானிக் தொழில். நம் வகுப்புக்கு வருகிறவர்களில் சிலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறார்கள். வேறு சிலருடைய கணவரோ, மகனோ, தம்பியோ அங்கே வேலை செய்கிறார். அதனால் இன்று அந்த வேலையில் ஒரு பகுதியைப் பற்றிப் பேசப் போகிறேன். பழைய காரின் எஞ்சினை வெளியே எடுத்து, ஸ்டாண்டில் மாட்டும் வேலை அது. நான் மெக்கானிக் அல்ல. பள்ளிப் படிப்பு முடித்து, மாலையில் உங்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். மிஸ்திரிகளிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பழைய கார் என்றதும் எந்தக் கார் நினைவுக்கு வருகிறது? பலருக்கும் பத்மினி கார்தான். அதை ஃபியட் என்றும் சொல்வோம். இத்தாலி நாட்டு ஃபியட் காரின் மாதிரியில் செய்த கார் அது. பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் செய்தார்கள். அந்தக் கம்பெனியை 1944-ல் தொடங்கியவர் வால்சந்த் ஹீராசந்த். நம் புனே மாவட்டத்தில் இந்தாபூர் தாலுகாவில் வால்சந்த்நகர் இருக்கிறதே, அது அவர் பெயரால் அமைந்த ஊர்தான்.

இந்தக் கார் 1964-ல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் வந்தது. 1970-களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் உற்பத்தி நின்றது. மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்சியாக ஓடிய கடைசிப் பத்மினிக்கும் 2023 அக்டோபரில் வயது வரம்பு முடிந்துவிட்டது.

ஆனாலும் இந்தக் கார்களை ஆசையோடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. முதல் பதிவு ஆகி 50 ஆண்டு தாண்டிய காரை விண்டேஜ் வண்டி என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். அந்த வண்டியை வாடகைக்கு ஓட்டக் கூடாது. எஞ்சினையோ பாடியையோ பெரிதாக மாற்றியிருக்கவும் கூடாது.

இதனால் என்ன ஆகிறது? பழைய எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எஞ்சின் வைக்க முடியாது. அதே எஞ்சினைப் பிரித்து, தேய்ந்த சாமானை மாற்றி, மறுபடி பூட்ட வேண்டும். இது பொறுமையான வேலை. தெரிந்தவருக்கு நல்ல கூலி தரும் வேலை.

இதில் முதல் காரியமே படிப்பதுதான். எஞ்சின் மேல் ஓர் எண் அடித்திருக்கும். அதை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். துருவைத் தேய்த்து எடுக்கும்போது அந்த எண்ணைத் தேய்த்துவிடாதீர்கள். அது போனால் வண்டிக்காரருக்குத் தொல்லை. பழி நம் மேல் வரும்.

அடுத்து, எடையைப் பற்றிச் சொல்கிறேன். பத்மினி எஞ்சின் சின்ன எஞ்சின்தான். நான்கு சிலிண்டர். 1,089 சி.சி. ஆனால் அதன் பிளாக் வார்ப்பு இரும்பு. கியர் பாக்ஸோடு சேர்த்தால் இரண்டு சிமெண்ட் மூட்டைக்கு மேல் கனம். அம்பாசடர் எஞ்சின் இதைவிடக் கனம். இதை ஆள் வைத்துத் தூக்கக் கூடாது. செயின் பிளாக் வைத்துத்தான் தூக்க வேண்டும். கிணற்றுக் கப்பி தெரியும் அல்லவா? அதுபோலச் சங்கிலியும் கப்பியும் பல்சக்கரமும் சேர்ந்தது செயின் பிளாக். அதன் மேல் எத்தனை டன் தாங்கும் என்று எழுதியிருக்கும். அதைப் படியுங்கள். அதை மாட்டியிருக்கும் உத்தரமும் அந்தக் கனத்தைத் தாங்குமா என்று பாருங்கள்.

எஞ்சினை இரண்டு பக்கமும் சங்கிலி கட்டித் தூக்குவார்கள். சங்கிலி நீளமாக இருக்கட்டும். குட்டையாக இருந்தால் இரண்டு பக்கமும் அகலமாக விரியும். விரிய விரிய இழுப்பு கூடும். எஞ்சின் எடை 120 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சங்கிலி இரண்டும் நேராகத் தொங்கினால் ஒவ்வொன்றும் 60 கிலோ தாங்கும். இரண்டுக்கும் நடுவே 60 டிகிரி விரிந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 70 கிலோ இழுப்பு. 120 டிகிரி விரிந்தால் ஒவ்வொன்றிலும் முழு 120 கிலோ இழுப்பு.

தூக்கிய எஞ்சினை எங்கே வைப்பது? தரையில் செங்கல் வைத்து அதன் மேல் வைப்பவர்கள் உண்டு. அப்படி வைத்தால் அடிப்பக்க வேலைக்கு எஞ்சினைப் புரட்ட வேண்டும். புரட்டும்போதுதான் காலில் விழும். அதற்காக வந்ததுதான் எஞ்சின் ஸ்டாண்ட்.

ஸ்டாண்டில் கீழே சக்கரம் வைத்த இரும்புச் சட்டம் இருக்கும். மேலே ஒரு தூண். தூணின் உச்சியில் ஒரு குழாய். அந்தக் குழாய்க்குள் சுழலும் தண்டு ஒன்று. தண்டின் முன்னால் ஒரு தட்டு. தட்டில் நான்கு கைகள். கியர் பாக்ஸைப் பூட்டும் இடத்தில், எஞ்சினின் பின்பக்கத்தில், மரை உள்ள துளைகள் இருக்கும். ஸ்டாண்டின் நான்கு கைகளையும் அந்தத் துளைகளில் போல்ட் போட்டு மாட்ட வேண்டும். அப்புறம் எஞ்சினை மேல் கீழாகச் சுற்றி வேலை செய்யலாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அவ்வளவு கனமும் எதில் நிற்கிறது? நான்கு போல்ட்டில் நிற்கிறது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். எஞ்சினை ஸ்டாண்டில் மாட்டும்போது ஒரு போல்ட் குறைந்தது. டப்பாவில் கிடந்த ஒன்றை எடுத்துப் போட்டார்கள். துளை 8 மில்லி மீட்டர் மரை. போட்டது 5/16 அங்குல போல்ட். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நம் வகுப்பில் போட்ட கணக்கை நினையுங்கள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. அதை 16-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் 7.94 மி.மீ. வித்தியாசம் ஒரு மயிரிழைதான். ஆனால் மரையின் இடைவெளி வேறு. இரண்டு மூன்று சுற்று போனதும் போல்ட் இறுகியது. நன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். உண்மையில் மரை அரைபட்டுச் சிக்கியிருந்தது. செயினைத் தளர்த்தியதும் அந்தப் போல்ட் பிடுங்கிக்கொண்டது. எஞ்சின் சரிந்தது. ஹெல்ப்பராக இருந்த இளைஞரின் வலது கை நடுவில் இருந்தது. இரண்டு விரல் நசுங்கிப் போனது. நம் வகுப்பில் பென்சில் பிடித்துப் பழகிய கை அது. இப்போது அவர் இடது கையால் எழுதப் பழகுகிறார்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அளவு தெரியாமல் போல்ட்டைப் போடாதே என்று நான் சொல்கிறேன்.

போல்ட்டில் மூன்று காரியம் பாருங்கள்.

ஒன்று, மரை. கியர் பாக்ஸைக் கழற்றியபோது வந்த பழைய போல்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதுதான் மாதிரி. ஃபியட் எஞ்சினில் மில்லி மீட்டர் கணக்கு. அம்பாசடர் எஞ்சின் இங்கிலாந்து நாட்டு மாதிரி. அதில் அங்குலக் கணக்கு. புதுப் போல்ட்டை முதலில் விரலால் திருகுங்கள். கடைசி வரை விரலால் போக வேண்டும். நடுவில் இறுகினால் அது வேறு மரை. ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

இரண்டு, பலம். நல்ல மில்லி மீட்டர் போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று எழுதியிருக்கும். 8.8 என்றால் என்ன? முதல் 8 அது அறும் அளவைச் சொல்கிறது. ஒரு சதுர மில்லி மீட்டருக்குச் சுமார் 80 கிலோ இழுப்பு வரை அறாது. புள்ளிக்குப் பின்னால் உள்ள 8, அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை போல்ட் நீண்டு கெடாது என்று சொல்கிறது. தலையில் எண்ணே இல்லாத போல்ட்டை இந்த வேலைக்குப் போட வேண்டாம்.

மூன்று, நீளம். மரைக்குள் போகும் நீளம், போல்ட்டின் தடிமனைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். 10 மி.மீ. போல்ட் என்றால் 15 மி.மீ. உள்ளே போக வேண்டும். ஸ்டாண்டின் கை 40 மி.மீ. வாஷர் 2 மி.மீ. மரைக்குள் 15 மி.மீ. கூட்டினால் 57. அப்படியானால் 60 மி.மீ. போல்ட் வாங்கலாம். அப்போது 18 மி.மீ. உள்ளே போகும். துளைக்கு அவ்வளவு ஆழம் உண்டா என்று ஒரு கம்பி விட்டு அளந்து பாருங்கள். நானா பேட்டில் கடைக்குப் போகும்போது மாதிரி போல்ட்டைக் கொண்டுபோங்கள். தடிமன், நீளம், 8.8 என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

ஸ்டாண்டின் மேல் எழுதியிருப்பதையும் படியுங்கள். சில ஸ்டாண்டில் 1000 எல்.பி. என்று இருக்கும். அது 1000 கிலோ அல்ல. பவுண்டுக் கணக்கு. சுமார் 450 கிலோதான்.

இனி மாட்டும் முறை. எஞ்சினைத் தூக்கும் முன்பே பேட்டரி, தண்ணீர், ஆயில் மூன்றையும் எடுத்துவிடுங்கள். வெளியே வந்ததும் கியர் பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் ஆகியவற்றைக் கழற்றுங்கள். தட்டை ஸ்டாண்டிலிருந்து உருவி முதலில் எஞ்சினில் மாட்டுங்கள். நான்கு கையையும் நான்கு பக்கமாக விரித்து வையுங்கள். சுழலும் தண்டு எஞ்சினின் கனத்துக்கு நடுவில் வர வேண்டும். அது கிராங்க் தண்டுக்குச் சற்று மேலே இருக்கும். நடு தவறினால், சுற்றும்போது எஞ்சின் தானாகப் புரளும். கைப்பிடி முகத்தில் அடிக்கும்.

நான்கு போல்ட்டும் இறுகிய பிறகு தண்டைக் குழாய்க்குள் செருகுங்கள். பூட்டு ஊசியைப் போடுங்கள். அதன் பிறகுதான் செயினை மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். கொஞ்சம் தளர்த்தியதும் நின்று பாருங்கள். கை வளைகிறதா? சட்டம் சாய்கிறதா? எல்லாம் சரி என்றால்தான் கொக்கியைக் கழற்றலாம். தொங்கும் எஞ்சினுக்குக் கீழே யாரும் நிற்க வேண்டாம். விரலில் மோதிரம், காலில் ரப்பர் செருப்பு இரண்டும் வேண்டாம்.

பிரிக்கும்போதும் எண் வேண்டும். நான்கு கனெக்டிங் ராடுக்கும் 1, 2, 3, 4 என்று எண் உண்டு. இல்லையென்றால் நீங்களே அடையாளம் போடுங்கள். ஒன்றின் மூடியை இன்னொன்றில் பூட்டினால் எஞ்சின் கெடும்.

தம்பிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. வண்டிக்காரர் அவசரப்படுத்துவார். மிஸ்திரியும் அவசரப்படுவார். சின்னவன் எப்படிப் பெரியவரிடம் சொல்வது என்று தயங்காதீர்கள். “அண்ணே, ஒரு நிமிஷம். போல்ட்டு நம்பர் பார்த்துடலாம்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நல்ல மிஸ்திரி கோபப்பட மாட்டார். உங்களுக்கு எழுத்துத் தெரியும். எண் தெரியும். அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

தாய்மார்களே, நீங்களும் கேட்கலாம். மகன் வேலைக்குப் புறப்படும்போது “சாப்பிட்டாயா?” என்று கேட்கிறீர்கள். எஞ்சின் தூக்கும் நாளில் “போல்ட்டுல என்ன எழுதியிருக்கு, பார்த்தியா?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு போல்ட் கொண்டுவாருங்கள். தலையில் உள்ள எண்ணைப் படிப்போம். ஸ்கேல் வைத்து அளப்போம். நோட்டில் எழுதுவோம்.