வினாகிரி மணக்கும் படச்சுருள்கள்

பழைய படச்சுருள்களை வீட்டிலேயே துப்புரவாக்கிச் சீர்செய்யும் பணி, வன்னி மக்கள் கருத்தோடு கவனிக்கவேண்டிய கலைகளுள் ஒன்றாகும். 1983 ஜூலை வன்செயலின்போது ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ, அங்கிருந்த பிலிம்களோடு எரியுண்டது. நெடுங்கேணி போன்ற ஊர்களோ பலமுறை இடம்பெயர்ந்து, இருந்த பொருளையெல்லாம் விட்டு மீண்டவை. இத்தனைக்கும் தப்பி ஒரு கலியாண வீட்டையோ கோயில் திருவிழாவையோ காட்டும் சுருள் எவர் வீட்டிலேனும் இருக்குமாயின், அதன் மதிப்பை அளவிட முடியாது.

படச்சுருள் என்பது, நெகிழும் பட்டை ஒன்றின்மேல் ஜெலட்டின் பூசி, அப்பூச்சினுள் படிமத்தைப் பதித்த பொருளாகும். 1950களின் தொடக்கம்வரை திரையரங்குகளுக்கான 35 மில்லிமீற்றர் பிலிமின் பட்டை பெரும்பாலும் நைதரேற்றால் ஆனது. தீப்பற்றினால் தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே வெளிவிட்டு நீருக்குள்ளும் எரியக்கூடிய அதனை வீட்டில் எவரும் கையாளலாகாது. வீடுகளில் கிடைக்கும் 8 மில்லிமீற்றர், 16 மில்லிமீற்றர் சுருள்களும், 1965இல் வந்த சூப்பர் 8 சுருள்களும் பெரும்பாலும் அசற்றேற்றுப் பட்டையில் அமைந்தவை. அசற்றேற்று எளிதில் தீப்பற்றாது. ஆயினும் வெப்பமும் ஈரமும் கூடினால் அது சிதைந்து அசற்றிக் அமிலத்தை, அதாவது வினாகிரியின் புளிப்புக்குக் காரணமான பொருளை, வெளிவிடுகிறது. அவ்வமிலமே மேலும் சிதைவைத் தூண்டுவதால், மணம் எழுந்தபின் அழிவு விரைவுபடுகிறது. 1948இல் இப்பட்டையின் ட்ரைஅசற்றேற்று வகை அறிமுகமாகிப் பத்தாண்டுகளுக்குள், இக்கேடுபற்றிய முதல் முறைப்பாடு இந்திய அரசிடமிருந்தே கொடாக் நிறுவனத்துக்குச் சென்றது என்பது, மாரி ஈரமும் சித்திரை வெயிலும் மாறிமாறி வரும் வன்னிக்கும் பொருந்தும் எச்சரிக்கையாகும்.

ஆகவே, துடைப்பதற்கு முன் அளந்து பார்ப்பதே முறை. அதே அகலமுள்ள புதிய பிலிமின் அருகே பழையதை வைத்து, ஓரத் துளைகளை ஒன்றோடொன்று பொருத்தி நூறு துளைகள் எண்ணும்போது, பழையது ஒரு துளையளவு பின்தங்கினால் அது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கிவிட்டது என்று கொள்ளலாம். அத்தகைய சுருளைப் படம்காட்டும் கருவியில் ஏற்றினால் பற்சக்கரம் அதைக் கிழித்துவிடக்கூடும். தாங்கக்கூடிய சுருளைக் கையால் மெல்லச் சுற்றியபடி, நூல் உதிராத பருத்தித் துணியை நீளவாக்கில் அழுத்தமின்றிப் படியவிட்டுத் துடைக்க வேண்டும். பளபளப்பான பக்கம் பட்டை, மங்கிய பக்கம் படிமம் என்பதைக் கை மறக்கலாகாது. பூஞ்சணம் பிடித்த ஜெலட்டின் நீரில் கரையுமாதலால், ஈரத்துணி படிமத்தையே வழித்துவிடும். காயத்துக்கென விற்கும் ஸ்பிரிட்டிலும் நீர் கலந்திருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தூய ஐசோபுரொப்பைல் அற்ககோலைச் சிறிதளவு எடுத்து, படமில்லாத முனையில் முதலில் சோதித்து, தீயிலிருந்து விலகிக் காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்துவதே தக்கது.

முறியும் சுருளைக் கற்பூரத்தோடு தகரப் பெட்டியில் மூடிவைத்து இளக்கும் பழைய வழக்கமும் உண்டு. பழைய நைதரேற்றுப் பட்டையில் நெகிழ்ச்சிக்காகக் கற்பூரம் சேர்க்கப்பட்டதால் அவ்வழக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. எனினும் அசற்றேற்றுச் சுருளில் அதனால் பெறும் இளக்கம் தற்காலிகமானதே. ஒருமுறை பிரதியெடுக்க உதவினாலே அது பெரும்பயன். சுருங்கிய பட்டையை நிலையாக மீட்கும் வீட்டு மருந்து எதுவுமில்லை. இக்கலையின் உண்மையான வெற்றி, பற்சக்கரமில்லாத ஸ்கேனரில் ஒவ்வொரு சட்டமாகப் பிரதியெடுக்கும்வரை சுருளைக் காப்பதில்தான் இருக்கிறது. ஐம்பது அடிச் சூப்பர் 8 சுருளில் 3600 சட்டங்கள் உள்ளன. வினாடிக்குப் பதினெட்டு வீதம் ஓடினால் அவை மூன்று நிமிடம் இருபது வினாடிக்கே வரும்.

வினாகிரி மணக்கும் சுருளை நேயர்கள் எறிந்துவிடலாகாது. தகரக் கூரையின் கீழும் வைக்கலாகாது. நல்ல சுருள்களிலிருந்து பிரித்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத உறையில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, எடுக்கும்போது ஒரு நாள் முழுவதும் உறை திறவாது வெளியில் வைத்தபின் பிரித்து, உரிய கருவியுள்ளவரிடம் காலந்தாழ்த்தாது சேர்ப்பிக்க வேண்டும்.