பள்ளிக்கூட நாற்காலி சிறியதல்ல

(வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேர்தல் என்றதும் நமக்குச் சட்டமன்றமும் நாடாளுமன்றமும்தான் நினைவுக்கு வருகின்றன. எந்தக் கூட்டணி, எத்தனை தொகுதி, யாருக்கு சீட் என்று கடை வாசலில் நள்ளிரவு வரை பேசுகிறோம். நம் பிள்ளை படிக்கிற பள்ளியின் குழுவில் யார் இருக்கிறார் என்று கேட்டால் மட்டும் வாய் திறப்பதில்லை. அந்தச் சிறிய நாற்காலியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். முதலில் ஒரு வரலாறு சொல்கிறேன், கேளுங்கள்.

1870-இல் இங்கிலாந்தில் ஒரு கல்விச் சட்டம் வந்தது. பள்ளிகள் போதாத ஊர்களில் மக்களே தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் அமையலாம், அது வரிப்பணத்தில் பள்ளி கட்டி நடத்தலாம் என்றது அந்தச் சட்டம். அன்று நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் வரி செலுத்தும் பெண் பள்ளி வாரியத்துக்கு வாக்களிக்கலாம். பெண்கள் போட்டியிடவும் செய்யலாம். பெரிய கதவு பூட்டிக் கிடந்தது. சின்னக் கதவு திறந்தது.

அந்தக் கதவு வழியே நுழைந்தவர்களில் ஒருவர் டாக்டர் எலிசபெத் காரெட். அவருடைய தந்தை நம்மைப் போல ஒரு வணிகர். கடலோரச் சிற்றூரில் தானியமும் நிலக்கரியும் விற்றவர். மகள் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டபோது முதலில் எதிர்த்தார். பிறகு அவரே துணை நின்றார். பெண்ணுக்குத் தேர்வு எழுத அனுமதியில்லை என்று மறுத்தபோது, வழக்குப் போடுவேன் என்றார். 1865-இல் மகள் தேர்வு பெற்று மருத்துவரானார். உடனே விதியை மாற்றி, அந்த வழியே இன்னொரு பெண் வராதபடி அடைத்தார்கள்!

காரெட் முடங்கவில்லை. 1866-இல் லண்டன் மேரிலபோன் பகுதியில் ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருந்தகம் திறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்துப் பள்ளி வாரியத் தேர்தல் வந்தது. போட்டியிடுங்கள் என்று அவரைத் தேடி வந்தவர்கள் யார் தெரியுமா? அவரிடம் சிகிச்சை பெற்ற பெண்களின் கணவன்மார், தந்தைமார், உழைக்கும் மக்கள்.

லண்டன் வாரியத்துக்கு மொத்தம் 49 இடங்கள். மேரிலபோனுக்கு 7. ஒவ்வொரு வாக்காளருக்கும் 7 வாக்குகள்; அவற்றைப் பிரித்தும் போடலாம், ஏழையும் ஒருவருக்கே போடலாம். 1870 நவம்பர் 29 அன்று வாக்குப்பதிவு. காரெட் பெற்ற வாக்குகள் 47,000-க்கும் மேல்! லண்டன் முழுவதிலும் அவ்வளவு வாக்கு வாங்கியவர் வேறு எவருமில்லை. அதே தொகுதியில் இரண்டாவதாக வந்தவர் புகழ்பெற்ற விஞ்ஞானி ஹக்ஸ்லி. அவருக்குக் கிடைத்தது 13,000 சொச்சம். மருந்தகத்தில் நான்கு ஆண்டுகள் விதைத்ததை வாக்குப் பெட்டியில் ஒரே நாளில் அறுத்தார். தேர்தலுக்கு முந்தைய வாரம் கைகூப்பி வருகிறவருக்கு அந்த அறுவடை கிடைக்குமா?

அதே ஆண்டு பர்மிங்ஹாம் நகரில் நடந்ததையும் கேளுங்கள். அங்கே 15 இடங்கள். ஒவ்வொருவருக்கும் 15 வாக்குகள். ஊரில் செல்வாக்கு மிக்க லிபரல் கட்சி, எல்லாம் நமக்கே என்று 15 பேரை நிறுத்தியது. வாக்குகள் சிதறின, வென்றவர் 6 பேர்தான். சர்ச் ஆதரவாளர்கள் எட்டுப் பேரை நிறுத்தி எட்டையும் வென்றனர். சிறுபான்மையான கத்தோலிக்கர்கள் தங்கள் வாக்குகளை ஒரே ஒருவருக்குக் குவித்தார்கள். அவர் முதலிடத்தில் வந்தார். 1873-இல் லிபரல்கள் பாடம் கற்று எட்டுப் பேரை மட்டும் நிறுத்தி, எட்டுப் பேரையும் வெல்ல வைத்துப் பெரும்பான்மை பெற்றார்கள். திருகாணி உற்பத்தி செய்த தொழிலதிபர் ஜோசப் சேம்பர்லின் வாரியத் தலைவரானார். எண்ணிக்கை மட்டும் வெல்வதில்லை, சகோதரர்களே. திட்டமிட்ட ஒற்றுமை வெல்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். 2009-இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது அதன் 21-ஆம் பிரிவு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர் அல்லது பாதுகாவலர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதும், வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், அரசு தரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பதும் குழுவின் பணி.

லண்டனின் அந்த வாக்கு முறை இங்கே இல்லை. பெற்றோர் கூட்டத்தில்தான் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நாம் எங்கே? தந்தை கடையில், அல்லது வளைகுடாவில். தாய் வீட்டில். வராதவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்? பிறகு, எங்களை யாரும் மதிப்பதில்லை என்று புலம்புவதில் என்ன நியாயம்?

வணிகப் பெருமக்களே! சரக்கு வந்தால் பில்லில் ஒரு ரூபாய் பிசகினாலும் கண்டுபிடிக்கிறீர்கள். உங்கள் மகள் படிக்கும் பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? கணக்குப் பார்க்கும் உங்கள் திறமை அந்தக் குழுவுக்குத் தேவை. கூட்டம் நடக்கும் நாளில் இரண்டு மணி நேரம் கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

உங்களால் முடியாதா? உங்கள் மனைவியை அனுப்புங்கள். பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டமே சொல்லும்போது, வீட்டு வாசலில் நாம் தடுத்து நிற்கலாமா? சபையில் பேசத் தெரியாது என்பார்கள். பிள்ளையின் பசியும் பாடமும் தாயை விட யாருக்குத் தெரியும்? மகளுக்காக வழக்காடத் துணிந்த அந்தத் தானிய வணிகரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இளைஞர்களே! உங்களுக்கும் வேலை உண்டு. உங்கள் தெருப் பள்ளியின் அடுத்த பெற்றோர் கூட்டம் எப்போது என்று நாளைக் காலையே கேட்டு வாருங்கள். அந்தத் தேதியை வீடு வீடாகச் சொல்லுங்கள். குழுவில் இடம் கிடைத்தால் நம் பிள்ளைக்கு மட்டும் பேசாதீர்கள். அந்த வகுப்பில் உட்காரும் எல்லாப் பிள்ளைக்கும் பேசுங்கள். மேரிலபோன் மக்கள் அந்த மருத்துவரைத் தேடி வந்தது அதனால்தான்.

நாற்காலி சிறியது. அதில் உட்கார்ந்து காப்பது நம் பிள்ளைகளின் எதிர்காலம். அடுத்த கூட்டத்தில் அது காலியாக இருக்கக் கூடாது.