அணையும் குளமும் ஒரே கணக்கு
(நெல்லையில் நிகழ்த்திய உரை)



நம் பொருநை நெடிய ஆறன்று. பொதியமலையில் தோன்றி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடைந்துவிடுகின்றது. மலையில் பெய்யும் பெருமழை அணையில் தங்காவிடின், விரைந்து நம் வாயிலில் வந்து நிற்கும். ஆகவே மதகை எப்பொழுது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பது பொறியாளர் மட்டும் அறிந்திருக்க வேண்டிய செய்தியன்று. நம் வயலும் வீடும் உயிரும் அதனுள் அடங்கியுள்ளன.

கணக்கைப் பாருங்கள். பாவநாசம் அணை கொள்வது 550 கோடி கன அடி. மணிமுத்தாறு 551 கோடி. சேர்வலாறு 122 கோடி. நொடிக்கு நூறாயிரம் கன அடி வீதம் ஒருநாள் முழுதும் வெள்ளம் வருமானால், அது 864 கோடி கன அடி! பாவநாசமும் சேர்வலாறும் வெறுமையாய்க் கிடந்தாலும் அதனைக் கொள்ளமாட்டா. நிரம்பி நிற்கும் அணையோ, வந்ததை அப்படியே கீழே தள்ளுவதன்றி வேறென்ன செய்யும்? 1992 நவம்பர் வெள்ளம் அதை நமக்குக் காட்டியது.

'மழைக்கு முன்பே அணையை வெறுமையாக்கலாமே' என்பர் சிலர். ஆக்கலாம், மழை பொய்த்தால்? வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்துவிடும். பிசான நெல்லோ அதற்குப் பின்னும் நீர் கேட்கும். தையிலும் மாசியிலும் அதற்கு அணைநீரே தாய்ப்பால். வெள்ளத்திற்கு இடமும் வேண்டும். பயிருக்கு நீரும் வேண்டும். இவ்விரு சுமையையும் அணை மட்டும் தாங்காது. தோள் கொடுக்க வேண்டியவை குளங்களே!

கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றுள் ஏழு, வெள்ளையர் ஆட்சிக்கு முன்னரே எழுந்தவை. அவற்றினின்று பிரியும் கால்கள் குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்தின் வரவு. மேலைக்குளத்தின் கரை உடைந்தால், கீழைக்குளமும் தாங்காது.

2023 திசம்பர் 17, 18ஆம் நாள்களில் அதைத்தான் கண்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை! அது அணைக்குக் கீழே, கடலோரத்தில் பெய்த மழை. எந்த மதகும் அதைத் தடுத்திருக்க முடியாது. குளங்கள் உடைந்தன, ஊர்கள் மூழ்கின, திருவைகுண்டத்தில் தொடர்வண்டியே வெள்ளத்திடைச் சிக்கி நின்றது.

2009இல் தொடங்கி 2025இல் திறக்கப்பட்ட வெள்ளநீர்க் கால்வாய், கன்னடியன் காலினின்று நம்பியாறு, கருமேனியாறு நோக்கி மிகைநீரைக் கொண்டு செல்கின்றது. நன்று, வறண்ட நிலம் வாழும். ஆயினும் கடனாவும் சிற்றாறும் பொருநையிற் கலப்பது கன்னடியனுக்குக் கீழே. அந்நீரை இக்கால்வாய் எடுக்க இயலாது. எனவே ஒரு கால்வாய் வந்துவிட்டது என்று நாம் உறங்கிவிடலாகாது.

செய்ய வேண்டுவன மூன்று. ஒன்று: ஐப்பசி, கார்த்திகையில் அணையை விளிம்புவரை நிரப்பாமல் வெள்ளத்திற்கு இடம் விடுக, மழை ஓயும் காலத்தே படிப்படியாக நிரப்புக. இரண்டு: கோடையிலேயே குளங்களைத் தூர் எடுத்து, மடைகளைச் செப்பனிட்டு, மறுகால் ஓடைகளிலுள்ள அடைப்புகளையும் கட்டடங்களையும் அகற்றுக. மூன்று: அணைக்கு வரும் நீர், விடும் நீர், குளங்களின் இருப்பு ஆகிய அனைத்தையும் ஒரே ஏட்டில் எழுதி, நாள்தோறும் ஊர்மக்கள் அறியச் செய்க.

அரசு செய்யட்டும் என்று அமர்ந்திராதீர்! உங்கள் ஊர்க்குளத்தின் மறுகால் எங்கே செல்கின்றதென்று இக்கோடையிலேயே நடந்து பாருங்கள். அடைபட்டிருந்தால் ஊர் கூடிக் கேளுங்கள். நாம் மறந்த வழியை வெள்ளம் மறப்பதில்லை!