பெற்றோரின் பொருள் – பிள்ளையின் கையில் ஓர் அமானிதம்

(கதிர்காமம் பள்ளிவாசலில் நிகழ்த்திய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால்...



சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்த பின்னர், ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் என்னருகில் வந்து அமர்ந்தார். அவர் கையில் ஒரு முத்திரைத்தாள் பத்திரம் இருந்தது. அவருடைய தாயார் சில ஆண்டுகளுக்கு முன் எழுதிக் கொடுத்த பொது அதிகாரப் பத்திரம். பேச்சு வழக்கில் 'பவர்' என்கிறோமே, அதுதான். இப்போது அத்தாயாருக்கு மறதி நோய் முற்றிவிட்டது. பெற்ற மகனையே யாரென்று கேட்கிறார். அவருடைய வைத்தியச் செலவுக்காக அவர் பெயரிலுள்ள மனையை விற்றாக வேண்டும்.

"பவர் என் கையில் இருக்கிறது ஹஜ்ரத், விற்கலாமல்லவா?" என்று கேட்டார்.

கூடாது என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகம் வாடியதைக் கண்டபோது, இச்சட்டத்தை முன்பே மிம்பரில் எடுத்துரைக்காத குறை என்னுடையது என்று உணர்ந்தேன். எனவே இன்று இதைப் பேசுகிறேன்.

நம் ஊரில் ஏறத்தாழ ஒவ்வொரு தெருவிலும் பிள்ளைகளைப் பிரான்சுக்கோ, வளைகுடாவுக்கோ, சிங்கப்பூருக்கோ அனுப்பிவிட்ட முதியோர் உண்டு. ஊரில் தங்கிய ஒரு பிள்ளையே வங்கிக்கும் மருத்துவமனைக்கும் அலைகிறார். அவர் கையில் பெற்றோரின் பொருள் வந்து சேர்வது இயல்பு. அது எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதே கேள்வி.

ஒருவர் தம் காரியத்தைத் தமக்காகச் செய்யும்படி மற்றொருவரை நியமிப்பதை ஷரீஅத் 'வகாலத்' என்கிறது. குகைவாசிகள் தங்களில் ஒருவரிடம் வெள்ளிக்காசைக் கொடுத்து உணவு வாங்கிவர அனுப்பிய செய்தி அல்கஹ்ஃப் அத்தியாயத்தின் 19ஆம் வசனத்தில் வருகிறது. இதற்கு அதையே ஆதாரமாக மார்க்க அறிஞர்கள் காட்டுவர்.

நபி (ஸல்) அவர்கள் உர்வா (ரலி) அவர்களிடம் ஓர் ஆடு வாங்கிவர ஒரு தீனார் கொடுத்த நிகழ்ச்சி புகாரீயில் பதிவாகியுள்ளது. உர்வா அந்தத் தீனாருக்கு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் சேர்த்தே கொண்டுவந்து ஒப்படைத்தார். உழைப்பும் சாமர்த்தியமும் அவருடையவை. ஆயினும் இலாபம் பொருளுக்குரியவரைச் சேர்ந்தது. பெற்றோரின் வைப்புத்தொகைக்கு வரும் வட்டாரக் கடை வாடகையையும், மனை விற்பனையில் கிடைக்கும் கூடுதல் தொகையையும் 'நான்தானே அலைந்தேன்' என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளை இதைச் சிந்திக்க வேண்டும். நாட்டுச் சட்டமும் இதையே கூறுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, அதிகாரம் கொடுத்தவர் கேட்டால் முகவர் கணக்குக் காட்டியே தீர வேண்டும்.

இனி அச்சகோதரரின் கேள்விக்கு வருவோம். அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ, புத்தி பேதலித்தாலோ வகாலத் முறிந்துவிடும் என்று ஃபிக்ஹ் நூல்கள் கூறுகின்றன. ஹனஃபீ மத்ஹபில் அப்புத்திக்கேடு நீடித்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவும் மரணத்தாலும் சித்தசுவாதீனம் இழப்பதாலும் முகவர் அதிகாரம் முடிந்துவிடும் என்றே சொல்கிறது. பிறர் கையிலுள்ள அதிகாரம் பெற்றவரின் அறிவிலிருந்து பிறந்தது; அந்த அறிவு போனபின் அதைக் கட்டுப்படுத்தவோ ரத்து செய்யவோ அவரால் இயலாது. கேட்க ஆளில்லாத அதிகாரத்தை ஷரீஅத் ஒருவர் கையில் விட்டுவைப்பதில்லை.

பிரான்சில் 2009 முதலும், சிங்கப்பூரில் 2010 முதலும், அறிவு தெளிவாக இருக்கும்போதே எழுதி, அறிவு மங்கியபின் நடைமுறைக்கு வரும் தனி வகைப் பத்திரத்துக்குச் சட்டம் இருக்கிறது. அங்கு வாழும் பிள்ளைகள் இங்கும் அப்படியே என்று எண்ணிவிடுகின்றனர். இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் நோயாளியின் சொத்தை நிர்வகிக்க வழி இருந்தது. அதன் இடத்தில் வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் சிகிச்சைக்குப் பிரதிநிதியை அனுமதிக்கிறதே தவிர, சொத்தைப் பற்றிப் பேசவில்லை.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. 2024 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, கோமாவில் வீழ்ந்த ஒருவருக்கு அவர் மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, சிகிச்சைக்காக அவர் சொத்தை விற்க அனுமதித்தது. அத்துடன் ஐம்பது இலட்சம் ரூபாயை அந்நோயாளியின் பெயரிலேயே வைப்புத்தொகையாகப் போடவும் ஆணையிட்டது. அன்புள்ள மனைவியே ஆனாலும், நோயாளியின் பங்கைத் தனியே காத்தபின்பே அதிகாரம் கொடுத்தது. அறிவிழந்தவருக்குப் பொறுப்பாளரை நியமிப்பது காழியின் பணி என்று ஃபிக்ஹ் சொல்வதன் பொருளும் இதுவே. அச்சகோதரரையும் ஒரு வழக்கறிஞரிடம் அந்த வழிக்கே அனுப்பினேன்.

சகோதரரே! உம் பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை சில உள்ளன.

எல்லாவற்றுக்கும் பொதுவான பவர் கேட்காதீர். வங்கி, வாடகை, வைத்தியம் என்று தேவைக்கேற்ப வரையறுத்து எழுதச் சொல்லும். எழுதிக் கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லும். அவர்களால் பதிவு அலுவலகத்துக்கு வர இயலாவிட்டால், அதிகாரியே இல்லம் வந்து விசாரிக்க 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் இடம் தருகிறது.

கைநடுக்கத்தால் கையொப்பமிட இயலாத ஓய்வூதியர், சாட்சிகள் முன்னிலையில் கைவிரல் அல்லது கால்விரல் ரேகை வைத்துப் பணம் பெற ரிசர்வ் வங்கி வழிசெய்துள்ளது. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டிலேயே வங்கிச் சேவை தர 2017இல் அது அறிவுறுத்தியது. ஆகவே போலிக் கையெழுத்திட எவருக்கும் அவசியமில்லை.

ஊரில் தங்கிப் பணிவிடை செய்யும் பிள்ளையின் வருமானம் குறைந்தால், அவருக்குரிய தொகையைப் பெற்றோரும் உடன்பிறந்தோரும் கூடி வெளிப்படையாக முடிவு செய்யட்டும். அனாதையின் பொருளைக் காப்பவர் செல்வராயின் தவிர்த்துக்கொள்ளவும், ஏழையாயின் நியாயமான அளவில் உண்ணவும் அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் வழிகாட்டுகிறது. மறைத்து எடுத்துக்கொள்ள அதில் இடமில்லை.

வரவு செலவை எழுதி வையும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே. தாமே சொல்லி எழுத இயலாத பலவீனருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும் என்றும் அவ்வசனம் பணிக்கிறது.

இதைச் சொல்லும் நானும் தவறியவன்தான். என் அத்தாவின் ஏடிஎம் அட்டை இரண்டாண்டுகள் என்னிடம் இருந்தது. அவருடைய ஓய்வூதியத்தை என் சம்பளத்தோடு சேர்த்தே குடும்பத்துக்குச் செலவிட்டேன். ஒருநாள் இரவு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தம்பி, அக்கா மகள் கல்யாணத்துக்கு ஐயாயிரம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். என் கணக்கில் அவ்வளவு இருக்குமா?"

எனக்கு விடை தெரியவில்லை. அதைவிட, தம் பணத்தைக் கேட்க என் அத்தா தயங்கினார் என்பது என்னைச் சுட்டது. என்னைப் படிக்க வைக்கக் கணக்குப் பார்க்காமல் கொடுத்த கை அது. மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். மாதம் ஒருமுறை அவரருகில் அமர்ந்து படித்துக் காட்டுகிறேன். பாதியில் அவர் உறங்கிவிடுவதும் உண்டு; நான் முடிவு வரை படித்துவிட்டே எழுகிறேன்.

சகோதரரே! பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை வாரிசுரிமை தொடங்குவதில்லை. அதுவரை அவர்களின் பொருளில் நாம் வகீல்களே. இன்று வீடு திரும்பியதும் உம் தாய் தந்தையிடம் அமர்ந்து, அவர்கள் கேட்பதற்கு முன்பே கணக்கைச் சொல்லும்.

அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கும் நன்மக்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.