கோப்பினுள் கிடக்கும் எழுத்து எது?

 

ஏலமலைச் சரிவில் விளையும் காய் போடிநாயக்கனூருக்கு இறங்கிவந்து, நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலத்தில் விலை காண்கிறது. (செடியைக் குறிக்கும் ஏலம் தமிழ், கூவி விற்பதைக் குறிக்கும் ஏலமோ போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். ஓசை ஒன்று, பிறப்பு வேறு!) அக்காய்ப் பைகளில் பெயர் பொறிக்க வரைகலைஞர் வேண்டும், அவருக்குக் கணினி வேண்டும். அக்கணினியில் விண்டோசு இயங்குதளமே தொடர்வதா, கட்டற்ற இலினக்சுக்கு மாறுவதா என்பதே கேள்வி.

விலைக்கணக்கு ஒன்று உண்டு. அடோபி நிறுவனம் 2013இல் தன் புதிய வரைகலை மென்பொருள்களைத் திங்கட் கட்டணத்திற்கு விடும் முறைக்கு மாறியது. விண்டோசு 10க்கு வழக்கமான திருத்தங்கள் வழங்குவது 2025 அக்தோபர் 14உடன் நின்றது. சிறிய அச்சகங்களுக்கு இவை சுமையே. ஆயினும், இவற்றினும் பெரிய கேடு கோப்பினுள் ஒளிந்து கிடக்கிறது.

பாமினி எழுத்துருவில் ஒருவர் 'தமிழ்' என்று தட்டுகிறார். திரையில் தமிழ் ஒளிர்கிறது. கணினியின் நினைவிலோ சே, கே, பீ, ஓ என்னும் நான்கு உரோம எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே உள்ளன! எழுத்துருவை நீக்கிப் பாருங்கள். போர்வை கழன்று விழும். தேடினால் சொல் அகப்படாது. வேறு கணினிக்கு அனுப்பினால் படிக்க இயலாது. பல்லாண்டு உழைப்பெல்லாம் இவ்வாறு அயலெழுத்தாகவே அடைந்து கிடக்கலாமா? 2001இல் வந்த பேச்மேக்கர் ஏழாம் பதிப்பே அதன் கடைசிப் பதிப்பு. அஃது ஒருங்குறியை அறியாது. அதனைப் பற்றிக்கொண்டிருப்பவர் பழைய இயங்குதளத்தையும் விட இயலாமல் தவிக்கிறார். தமிழ்நாட்டரசோ 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுவிட்டது.

போடிமெட்டு ஏறினால் கேரளம். அந்நாட்டு நாளிதழ் சனயுகம் 2019இல் கட்டற்ற மென்பொருளுக்கு முற்றிலும் மாறியது. பக்க அமைப்புக்கு இசுக்கிரைபசு, படங்களுக்குக் கிம்ப்பு, வரைவுக்கு இங்க்சுகேப்பு, இயங்குதளமாகக் குபுண்டுவை அடியாகக் கொண்ட இலினக்சு. நாள்தோறும் குறித்த பொழுதில் அச்சேற வேண்டிய தாள் அது! மலையாளக் கூட்டெழுத்துகளோ தமிழினும் சிக்கலானவை. அவர்களுக்கு இயன்றது தமிழர்க்கு இயலாதா?

குறைகளை மறைக்க வேண்டா. இசுக்கிரைபசு இந்திய எழுத்துகளைச் செவ்வனே கோக்கும் திறனை 2017 அளவில்தான் பெற்றது. அச்சுக்குரிய நால்வண்ணப் பிரிப்பில் கிம்ப்பு நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. இன்றும் இறுதிக் கோப்பை இசுக்கிரைபசில் அமைப்பதே நன்று. கோரல் கோப்புகளை இங்க்சுகேப்பில் திறந்தால் சில இடங்களில் வடிவம் குலையும்.

ஆதலின், முதல் வேலை தளமாற்றமன்று, எழுத்துமாற்றம். பழைய உரைகளை ஒருங்குறிக்கு மாற்றி, ஒருவர் மெய்ப்புப் பார்த்தல் வேண்டும். இம்மென்பொருள்கள் யாவும் விண்டோசிலும் இயங்குவன, அங்கேயே பழகலாம். ஓர் ஏலக்காய்ப் பையின் பெயர்ச்சீட்டை முழுதும் அவற்றிலேயே வரைந்து, அச்சிட்டு, வண்ணம் ஒத்துப் பார்த்தபின் தளத்தை மாற்றுங்கள். பழைய கணினி ஒன்றை இணையத்தினின்று பிரித்து, பழங்கோப்புகளைத் திறப்பதற்கென்றே ஒரு மூலையில் வைத்திருங்கள்.