சருகில் ஒளிந்த சிற்றுயிர்



மரத்தடிச் சருகைக் குப்பையென்று கூட்டித் தள்ளுகிறோம். அதனுள் பெயரறியா உயிர்கள் வாழ்கின்றன என்பதற்குச் சான்று ஒன்று கூற விழைகிறேன்.

சருகில் வாழும் நுண்ணிய வண்டுகளைக் கையாற் பொறுக்க இயலாது. எனவே அறிஞர்கள் சருகைச் சலித்துப் புனலில் இட்டு, மேலே விளக்கேற்றுவர். வெப்பம் பொறாத பூச்சிகள் கீழிறங்கிச் சாராயக் குப்பியில் விழும்.

1964, 1965ஆம் ஆண்டுகளில் கென்யாவில் வில்லியம் பிளாக் என்பார் மண்ணிலும் சருகிலும் திரட்டிய சிற்றுயிர்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றுள் ஒரு வண்டு 2019 வரை பெயரின்றியே கிடந்தது. நீளம் 0.79 மில்லிமீட்டர், கேழ்வரகினும் சிறிது! இறகனைய சிறகுடைய வண்டுக் குடும்பத்தில் பிறந்தும் அதற்குச் சிறகில்லை, கண்ணுமில்லை.

புதிய இனமென்று எளிதில் கூறிவிட முடியுமா? உணர்கொம்பு முதல் உள்ளுறுப்பு வரை அளந்து, முன்னரே அறியப்பட்ட உறவினங்களோடு ஒப்பிட வேண்டும். ஒன்றை மூலமாதிரியாகக் காத்து, விளக்கத்தை அச்சேற்ற வேண்டும். மைக்கேல் டார்பி இப்பணியை முடித்து, சுவீடன் நாட்டு இளம்பெண் கிரெட்டா துன்பெர்க்கைச் சிறப்பிக்கும் வகையில் 'நெல்லாப்டோடெஸ் கிரெட்டே' என்று பெயரிட்டார்.

அன்பர்களே! பெயரில்லா உயிர் அழிந்தால், அழிந்ததென்று எழுதிவைக்கவும் ஏடில்லை. காடு குறையுந்தோறும் அத்தகைய உயிர்கள் நாமறியாமலே மறையக்கூடும். பெயரிடுதல் அவ்வுயிரை நம் கணக்கில் சேர்க்கும் முதற்கடமையாகும். இனிச் சருகைக் கூட்டுமுன் நம் குழந்தைகளோடு சற்றே குனிந்து நோக்குவோமாக!